அப்பாவின் 84 புல்லட்: வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் பூட்ட முடியுமா?

மண்வாசல் (சிவகங்கை மாவட்டம்), பிப்ரவரி 8

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1984-இல் வாங்கிய புல்லட் 350 ஸ்டாண்டர்டு, எங்கள் மாட்டுக் கொட்டகையில் 11 வருடமாக நிற்கிறது. அப்பா தவறி 6 வருடம் ஆகிவிட்டது. அதற்கு முன்பே முழங்கால் வலியால் கிக் அடிக்க முடியாமல் போய், சாக்கு போட்டு மூடி வைத்தவர், அப்புறம் எடுக்கவே இல்லை.

போன ஞாயிறுதான் சாக்கை எடுத்தேன். கிக்கர் மேல் ஏறி நின்றாலும் எஞ்சின் அசையவில்லை. டேங்க்குக்குள் டார்ச் அடித்தால் அடிப்பக்கம் முழுக்கச் செங்காவி நிறத்தில் துருப் பொருக்கு. பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கிறது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. டயர் இரண்டும் தரையோடு பதிந்து வெடித்துவிட்டன. டூல்பாக்ஸில் மட்டும் ஒரு சின்ன டைரி, பாலித்தீன் பையில் சுற்றி, ஈரம் படாமல் இருந்தது. ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதி, கிலோமீட்டரோடு அப்பா கையெழுத்தில். கடைசி வரி: "கிளட்ச் கேபிள் புதிது. முன் பிரேக் சரியில்லை, பார்க்க வேண்டும்."

நான் பள்ளி ஆசிரியர். மெக்கானிக் இல்லை. ஆனால் பம்புசெட் மோட்டாரும் பழைய டிவிஎஸ் 50-யும் நானே கழற்றி மாட்டியிருக்கிறேன். டவுனில் கேட்டால், "மொத்தமாகப் பிரித்து, புது பெயிண்ட், புது குரோம் அடித்துப் புதுசு மாதிரி தருகிறோம்" என்கிறார்கள். எனக்கு நானே செய்ய ஆசை. கோடை விடுமுறை வரை நேரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

---

வார்ப்பிரும்பு (சென்னை), பிப்ரவரி 8

தம்பி, முதலில் ஒன்று. இனிமேல் அந்தக் கிக்கர் மேல் ஏறாதீர்கள். இறுகிய எஞ்சினை மிதித்தால் பிஸ்டன் ரிங் உடையும், கிக்கர் பல் போகும்.

நான் 40 வருடமாகப் புல்லட் வேலை பார்த்தவன், இப்போது ஓய்வு. உங்களுக்கு ஒரு தைரியம் சொல்கிறேன். வீட்டில் வைத்துக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான வண்டி இந்த நாட்டில் கிடையாது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தபோது வந்த அதே 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). அதே 346 சி.சி. திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படை மாறாமல் அதையே வார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் உதிரிபாகம் இல்லை என்ற பேச்சே வராது. சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதுசு, புதுப்பேட்டையில் பழசு. பழசில் நல்ல சாமான் பார்த்து எடுக்கத் தெரிந்தால், இன்றைய புதுச் சாமானைவிட அது மேல்.

செய்ய வேண்டியது: பிளக்கைக் கழற்றுங்கள். டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிப்பாதி கலந்து 50 மி.லி. பிளக் ஓட்டை வழியாக ஊற்றுங்கள். (மண்ணெண்ணெய் என்று பழைய ஆட்கள் சொல்வோம். ரேஷனில் அது இப்போது அரிது, டீசலே போதும்.) ஒரு துணியை வைத்து மூடிவிட்டு 4 நாள் வண்டியை மறந்துவிடுங்கள். வற்றியிருந்தால் இன்னும் கொஞ்சம். 5-ஆம் நாள் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நாலாவது கியரில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், நிறுத்திவிட்டு மறுபடி ஊற்றுங்கள். அவசரம் வேண்டாம்.

பெயிண்ட், குரோம் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். முதலில் எஞ்சின் பேசட்டும்.

---

தேர்நிலை (சேலம்), பிப்ரவரி 9

ஐயா சொன்ன எஞ்சின் வேலை சரி. பெயிண்ட் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. நான் 78 மாடல் ஒன்றைப் போன வருடம் முழுக்க எடுத்தேன். ஃபிரேம் வரை பிரித்து, மணல் அடித்து, பவுடர் கோட்டிங் கொடுத்து, டேங்க், மட்கார்டு எல்லாம் புது பெயிண்ட். ஒரே தடவை பிரிக்கிறோம், அப்போதே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து மறுபடி பிரிக்க வேண்டிவரும். துருவை அப்படியே விட்டு மேலே எஞ்சினை மட்டும் சரி செய்வது அரைகுறை வேலை.

---

கோவை_லேத், பிப்ரவரி 9

மண்வாசல் சார், எஞ்சின் இறுக்கம் விட்டதும் சந்தோஷத்தில் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. 11 வருசம் நின்ற வண்டியில் ஹெட்டும் (மேல் மூடி) பேரலும் (சிலிண்டர்) கழற்றிப் பார்ப்பதுதான் நல்லது. ரிங் ஒட்டின இடத்தில் போரைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருக்கும். நகத்தால் தடவிப் பாருங்க. நகம் மாட்டலைன்னா ஹோன் பண்ணி (உள்சுவரை லேசாகத் தேய்த்து) புது ரிங் போட்டால் போதும். நகம் மாட்டினால் போர் போட்டே ஆகணும், அதாவது பேரலை உள்ளே கொஞ்சம் அகலமாகக் கடையணும்.

போர் போடும்போது ஒன்று மறக்காதீங்க. பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் பேரலோடு சேர்த்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்க. 0.50 மி.மீ. ஓவர்சைஸ் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் கொஞ்சம் மாறும். பிஸ்டனை அளந்துதான் போர் பிடிக்கணும். பிஸ்டன் இல்லாமல் "போட்டு வைங்க, அப்புறம் வாங்கிக்கறேன்" என்பவருக்கு நாங்கள் வேலை செய்வதே இல்லை. எங்க அப்பா காலத்தில் இருந்து இதுதான் பழக்கம்.

---

மண்வாசல், பிப்ரவரி 16

அசைந்தது! 4 நாள் ஊறப் போட்டு 5-ஆம் நாள் ஆட்டியபோது ஒன்றும் இல்லை. மறுபடி ஊற்றினேன். இன்று காலை 7-ஆம் நாள், சக்கரத்தைப் பிடித்து அழுத்தியதும் உள்ளே "நொறுக்" என்று ஒரு சத்தம். கை நடுங்கிவிட்டது, ஏதோ உடைந்தது என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சுற்றியது. பிளக் ஓட்டை வழியாகப் பழுப்பு நிறத்தில் எண்ணெய் கக்கியது.

ஹெட்டைக் கழற்றப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன ஐயா?

---

வார்ப்பிரும்பு, பிப்ரவரி 16

நல்லது தம்பி. அந்தச் சத்தம் ரிங் துருவிலிருந்து விடுபட்ட சத்தம்.

கழற்றுவதற்கு முன் பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்கட்டும், அப்போது இரண்டு வால்வும் மூடி, அவற்றைத் தள்ளும் தண்டான புஷ்ராடு தளர்ந்திருக்கும். வால்வை அழுத்தும் ராக்கரின் தாங்கிகள் மேல் பாதி, கீழ் பாதி என்று ஜோடியாக வரும். அந்த ஜோடி மாறக் கூடாது. இன்லெட் பக்கத்தது எக்ஸாஸ்ட் பக்கம் போகவும் கூடாது. இரண்டு ஐஸ்கிரீம் டப்பா எடுத்து மேலே எழுதி வையுங்கள்.

பேரலை எடுத்ததும் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், அது சகஜம், பயப்பட வேண்டாம். பார்க்கிற நேரமெல்லாம் கிராங்க் வாயில் பனியன் துணி அடைத்திருக்கட்டும். ஒரு சின்ன கிளிப் உள்ளே விழுந்தால் எஞ்சினையே பாதியாகப் பிளக்க வேண்டிவரும்.

வலது பக்க டைமிங் கவரையும் திறக்கப் போகிறீர்கள், இல்லையா? அதன் ஸ்குரூக்கள் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து எடுத்தீர்களோ அந்த இடத்திலேயே அட்டையைக் குத்தி நிறுத்துங்கள். உள்ளே ஆயில் பம்பைச் சுற்றவைக்கும் வார்ம் நட் ஒன்று கிராங்க் முனையில் இருக்கும். அது இடது மறை. வழக்கமாகக் கழற்றும் பக்கம் திருப்பினால் இறுகும், இன்னும் பலம் கொடுத்தால் உடையும். தொழிலுக்கு வந்த முதல் வருடம் நானே ஒன்றை உடைத்திருக்கிறேன், அன்றைக்கு முதலாளி பேசியது இன்றும் காதில் இருக்கிறது. அவசியம் இல்லை என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

கவருக்குள் கார்க் சீல் ஒன்று உண்டு. பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடின் கீழ் முனை) போகும் ஆயில் அது வழியாகத்தான் போகிறது. சின்ன சாமான், விலையும் சொற்பம், ஆனால் 11 வருடத்தில் காய்ந்து சுருங்கியிருக்கும். அதை மாற்றாமல் மூடினால் பிக் எண்டுக்கு ஆயில் போகாது. ஆயில் ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள்.

---

நல்லூரான் (யாழ்ப்பாணம்), பிப்ரவரி 17

வணக்கம். நான் மோட்டார் சைக்கிள் ஆள் இல்லை, கார் ஆள். இருந்தாலும் இந்த இழையை வாசிக்க வாசிக்க எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கட பக்கம் பெற்றோல் இல்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40-யும் மண்ணெண்ணையில்தான் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ராட் செய்வோம், எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணைக்கு மாறும். பழைய எஞ்சினின் அழுத்தம் குறைவு என்றபடியால்தான் அது தாங்கினது. வீதி முழுக்க வெள்ளைப் புகை. ஆனால் வால்வில கரி கட்டும், அடிக்கடி ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்ட வேணும். பன்னிரண்டு வயதில் எங்கட முற்றத்தில பாய் விரிச்சு அப்பாவோட இருந்து வால்வு தேய்த்தது என்ர கை. பொறி வேலைக்கு வேறு பள்ளிக்கூடம் நான் போகவில்லை.

அதனால் தம்பி, ஹெட்டைத் திறந்த கையோடு வால்வையும் நீங்களே தேய்த்துப் போடுங்கோ. வால்வு தேய்க்கிற பசையைக் கொஞ்சமாகத் தடவி, ரப்பர் தடியால் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைச்சு மோர் கடையிற மாதிரி உருட்ட வேணும். இடைக்கிடை தூக்கி, திருப்பி வையுங்கோ. சாம்பல் நிறத்தில ஒரே சீரான வளையம் வந்தால் போதும். பிறகு வால்வுக்குப் பின்னால இருக்கிற வழியில பெற்றோல் ஊற்றிப் பாருங்கோ, ஒரு சொட்டும் கசியக் கூடாது.

---

மண்வாசல், பிப்ரவரி 23

நல்லூரான் ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். மோர் கடைவது போல என்று சொன்னதுதான் கைக்குப் பிடிபட்டது. இரண்டு வால்வுக்கும் சேர்த்து ஒரு மாலை முழுக்கப் போனது. பெட்ரோல் கசியவில்லை.

போரில் நகம் மாட்டியது, அதனால் ரீபோர்தான். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பிஸ்டன் இல்லாமலே போட்டுத் தருகிறேன் என்றார்கள். கோவை அண்ணா எழுதியது நினைவுக்கு வந்து, வெளியே வந்துவிட்டேன். பிஸ்டன் வாங்கிக்கொண்டு திருச்சியில் வேறு இடத்தில் கொடுத்திருக்கிறேன். கனெக்டிங் ராடில் ஆட்டம் இல்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

டேங்க்குக்கு என்ன செய்வது? ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள்.

---

மாசிவீதி (மதுரை), பிப்ரவரி 23

ஆசிட் வேண்டவே வேண்டாம் தம்பி. கடையில் விற்கும் பாத்ரூம் ஆசிட் துருவோடு சேர்த்து நல்ல இரும்பையும் தின்னும், தையல் இடுக்குகளில் தங்கிப் பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும். நான் மின் வேலை பார்ப்பவள். மூன்று டேங்க் சுத்தம் செய்திருக்கிறேன், மூன்றையும் மின்சாரத்தில்தான்.

முதலில் ஒரு கைப்பிடி பழைய நட்டுகளை நூலில் கோத்து உள்ளே போட்டு, சோப்புத் தண்ணீரோடு குலுக்கிப் பொருக்கை எடுத்துவிடுங்கள். நூலில் கோப்பது எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கத்தான். அப்புறம் பெட்ரோல் டேப் ஓட்டையை அடைத்து, டேங்க் நிறையத் தண்ணீர், அதில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. மூடி வழியாக ஒரு சாதாரண இரும்புக் கம்பி டேங்க்கில் எங்கும் உரசாமல் தொங்க வேண்டும். வாயில் ரப்பர் வளையம் வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட் சார்ஜரின் பிளஸ் கம்பிக்கு, மைனஸ் டேங்க்குக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க் கரையும், இரண்டு முறை பார்த்துக் கொடுங்கள். கம்பி எவர்சில்வராக இருக்கக் கூடாது. அதிலிருக்கும் குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும்.

குமிழ் குமிழாக வருவது ஹைட்ரஜன். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. சார்ஜரை அணைத்த பிறகுதான் கிளிப்பைக் கழற்ற வேண்டும், அதில் வரும் சின்னப் பொறி போதும். கம்பியில் துரு அப்பிக்கொள்ளும். ஐந்தாறு மணிக்கு ஒரு முறை எடுத்துச் சுரண்டிவிட்டு மறுபடி தொங்கவிடுங்கள். ஒன்றரை நாளில் உள்ளே சாம்பல் நிறம் தெரியும். கழுவிய உடனே வெயிலில் காய வைத்து, உள்ளே ஆயில் சுற்றிவிடுங்கள். அரை மணி தாமதித்தால் மறுபடி செந்துரு பூக்கும்.

சார்ஜர் இல்லை என்றால் மளிகைக் கடை எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு நாள் ஊறப் போடலாம். அதற்குப் பிறகு சமையல் சோடா போட்ட தண்ணீரில் அலச வேண்டும்.

இன்னொன்று. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு டேங்க் துரு இனிமேல்தான் அதிகம். பழைய ரப்பர் குழாயும் டேப்பில் உள்ள கார்க்கும் அதில் ஊறி நைந்துபோகும். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்க மாட்டீர்கள் என்றால் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

---

தேர்நிலை, பிப்ரவரி 24

டேங்க்கை இவ்வளவு தூரம் கழற்றிச் சுத்தம் செய்கிறீர்கள், அப்படியே பெயிண்டுக்கும் கொடுத்துவிடுங்கள் நண்பரே. நான் திரும்பச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

---

மண்வாசல், பிப்ரவரி 27

டேங்க் உள்ளே சுத்தமாகிவிட்டது. மாசிவீதி அக்காவுக்கு நன்றி. கம்பியில் ஒட்டிய துருவைச் சுரண்டியபோது ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய வந்தது.

வெளியே கதை வேறு. இரண்டு பக்கமும் அப்பாவின் முழங்கால் பட்டுப் பட்டு உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் போய், கீழே உள்ள சிவப்பு பிரைமர் தெரிகிறது. மேலே மூடிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கீறல்கள். அது என் தம்பி முன்னால் உட்கார்ந்து வரும்போது கையில் இருந்த இரும்பு வளையத்தால் கீறியது. அதற்காக அடி வாங்கினான். தேர்நிலை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, துரு பரவினால் என்ன செய்வது? எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

---

வார்ப்பிரும்பு, பிப்ரவரி 27

தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். டேங்க்கை வெயிலில் சாய்த்து வைத்து அந்தத் தங்கக் கோட்டைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அது ஸ்டிக்கர் இல்லை. கம்பெனியில் தூரிகையால் கையில் இழுத்தது. ஒரே மூச்சில் இழுக்கிற கோடு. தொடங்கிய இடத்தில் கொஞ்சம் தடிப்பாகவும் முடிகிற இடத்தில் மெலிந்தும் இருக்கும்.

தேர்நிலை தம்பிக்கும் சொல்கிறேன், உங்கள் 78 மாடலின் படங்கள் பார்த்தேன், வேலை சுத்தம். வெறும் கூடாகக் கிடைத்த வண்டிக்கு அதுதான் வழி. இது அப்படி இல்லை. ஒரே குடும்பத்தில், ஒரே கையில் இருந்த வண்டி. புது பெயிண்ட் அடுத்த வருடமும் அடிக்கலாம், பத்து வருடம் கழித்தும் அடிக்கலாம். மணல் அடித்த பிறகு இந்தக் கோட்டைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படி எத்தனையோ டேங்க்கை வாடிக்கையாளர் சொன்னார் என்று சுரண்டிக் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

துருவுக்கு வழி இருக்கிறது. பெயிண்ட் போன இடத்தை மட்டும் 1000 நம்பர் எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, காய்ந்ததும் மெழுகு பாலிஷ் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு. துரு பரவாது. குரோம் மேல் புள்ளித் துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள்.

---

மாசிவீதி, பிப்ரவரி 28

பவுடர் கோட்டிங் பற்றி மின் வேலைக்காரியாக ஒரு வார்த்தை. அது பிளாஸ்டிக் போர்வை மாதிரி. எர்த் (மின்சாரம் ஃபிரேம் வழியாகத் திரும்பும் இணைப்பு) போகிற இடத்தில் சுரண்டாமல் பூட்டினால் லைட்டும் எரியாது, சார்ஜும் ஏறாது. இப்படி வந்த வண்டிகளுக்கு வயரிங் முழுக்க மாற்றியும் தீராமல், கடைசியில் ஒரு போல்ட்டுக்கு அடியில் சுரண்டியதும் எல்லாம் எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். சேஸ் நம்பர் மேல் தடிப்பாக ஏறிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேறு தொல்லை.

மண்வாசல், உங்களுடையது 6 வோல்ட். 30 வாட் பல்பு 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டில் 5 ஆம்பியர். அதனால் துருப்பிடித்த ஒரு இணைப்பு இருந்தாலும் வெளிச்சம் மின்மினிதான். "6 வோல்ட் என்றாலே மங்கல்" என்று மாற்றிவிடுகிறார்கள். முதலில் எல்லா எர்த் இடத்தையும் பளபளவென்று தேய்த்துக் கொஞ்சம் வாசலின் தடவிப் பூட்டுங்கள், அப்புறம் முடிவு செய்யலாம். எலி கடித்த வயரை ஒட்டுப் போட வேண்டாம், முழு வயரிங் செட்டே வாங்கிவிடுங்கள். எலி எங்கே கடித்தது என்று முழுக்கத் தெரியவே தெரியாது.

---

தேர்நிலை, பிப்ரவரி 28

எர்த் விஷயம் உண்மை அக்கா. எனக்கும் ஹார்ன் அடிக்காமல் ஒரு வாரம் அலைந்தேன். வார்ப்பிரும்பு ஐயா சொன்னதை யோசித்தேன். என் வண்டி எனக்கு வரும்போதே யாரோ நீல பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள், அதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை. இதில் இருக்கிறது. டேங்க் விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஃபிரேமின் அடிப்பக்கம், ஸ்டாண்டு, செயின் பக்கம் மட்டும் துருவைச் சுரண்டி பிரைமர், கறுப்பு எனாமல் அடித்துவிடுங்கள். கண்ணில் படாத இடம்.

---

மண்வாசல், மார்ச் 2

பார்த்தேன். மூடிக்குக் கீழே, வலது பக்கம், கோடு வளைகிற இடத்தில் ஒரு கோட்டின் முனை இன்னொன்றின் மேல் மயிரிழை அளவு ஏறியிருக்கிறது. இத்தனை வருடம் இந்த டேங்க்கைத் துடைத்திருக்கிறோம், ஒருவர்கூடக் கவனித்ததில்லை. பெயிண்ட் அடிக்கப் போவதில்லை.

ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, காலமும் முடிந்துவிட்டது. அதற்கு என்ன வழி?

---

கோவை_லேத், மார்ச் 2

எங்க வீட்டிலும் இதே கதை நடந்ததுங்க. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றக் கேட்கணும். காலம் தாண்டினாலும் அபராதத்தோடு மாற்றித் தருவாங்க. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் தயாராக இருக்கட்டும். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. 15 வருசம் தாண்டிய வண்டிக்கு 5 வருசம் 5 வருசமாகத்தான் புதுப்பிப்பாங்க, பசுமை வரியும் உண்டு. வண்டியை நேரில் காட்டணும், அதனால் ஓடற நிலைமைக்கு வந்த பிறகு போங்க. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று முன்கூட்டியே எடுத்துடுங்க. அப்பாவின் பழைய மூன்றெழுத்து நம்பர் அப்படியே தொடரும்.

வின்டேஜ் பதிவு என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம். 2021 விதிப்படி அது 50 வருசம் தாண்டிய வண்டிக்கு. உங்களுக்கு 2034-இல் தான். அதில் பதிந்தால் தினசரி ஓட்டவும் கூடாது.

---

மண்வாசல், ஏப்ரல் 6

ஒரு மாதம் எழுதவில்லை, பரீட்சை நேரம். வேலை நிற்கவில்லை. பேரல் வந்தது, பூட்டியாகிவிட்டது. இரண்டு டயரும் 3.25-19, புதிது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் வாரமும் வருடமும் பார்த்து வாங்கினேன். முன் பிரேக் ஷூ மாற்றினேன். அப்பா டைரியில் எழுதியிருந்த "பார்க்க வேண்டும்" அதுதான். அதற்கு எதிரே தேதி போட்டு "பார்த்தாயிற்று" என்று எழுதிவைத்தேன். வயரிங் புது செட். எர்த் தேய்த்ததும் 6 வோல்ட்டிலேயே கொட்டகைச் சுவர் தெளிவாகத் தெரிகிறது.

டைமிங் (பிளக்கில் பொறி வர வேண்டிய நேரம்) எப்படி வைப்பது என்று ஐயா சொல்லித் தந்தால் நாளை வைக்கலாம். ஹெட் இன்னும் ஏற்றவில்லை.

---

வார்ப்பிரும்பு, ஏப்ரல் 6

ஹெட் ஏற்றாதது நல்லதாகப் போயிற்று, பிஸ்டனை நேரடியாக அளக்கலாம். பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளி முதலில்: முழுக்கத் திறந்த நிலையில் 0.35-இலிருந்து 0.40 மி.மீ. அப்புறம் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து வெர்னியரால் அளந்து, பின்னுக்குச் சுற்றி, மறுபடி முன்னுக்கு வரும்போது உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு நிறுத்துங்கள். அது கம்ப்ரஷன் உச்சிதானா என்று புஷ்ராடைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அந்த இடத்தில் பாயிண்ட் அப்போதுதான் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்டோடு ஒரு சின்ன பல்பை வரிசையில் இணைத்தால் அணைகிற கணம் தெரியும்.

டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகங்களின் இடைவெளி) கணக்கு இந்த வண்டிக்குத் தனி. குளிர்ந்த எஞ்சினில் இடைவெளியே கிடையாது. புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

ஆயில் 20-50, சுமார் 2 லிட்டர். ஊற்றும்முன் அடியில் உள்ள வடிகால் போல்ட்டுகளைத் திறந்து பழையதை முழுக்க வடியுங்கள். நின்ற வண்டியில் ஆயில் பம்பைத் தாண்டிக் கிராங்குக்குள் இறங்கித் தேங்கியிருக்கும். பிளக் இல்லாமல் 30, 40 முறை கிக்கரை மிதியுங்கள். மேலே ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். அது கசியாமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

---

மண்வாசல், ஏப்ரல் 13

ஓடியது.

நேற்று மாலை முழுக்க ஓடவில்லை. ராக்கர் குழாயில் ஆயில் வந்தது, பெட்ரோல் வந்தது, பிளக்கில் பொறி இல்லை. இரவு படுத்தும் தூக்கம் வரவில்லை. காலையில் சாவியைப் போட்டு ஆம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்தினேன். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும் அல்லவா, அசையவே இல்லை. பாயிண்டைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளைச் செருகி இழுத்தேன். தாளில் எண்ணெய்க் கோடு. நானே விரலால் தொட்டிருக்கிறேன். நான்கு முறை தாளை மாற்றித் துடைத்ததும் முள் சாய்ந்தது.

அப்பா செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இன்றுதான் ஏன் என்று புரிந்து செய்தேன். கிக்கர் கனத்து நிற்கும் வரை அழுத்தி, முள் நடுவுக்குத் தாவியதும் நிறுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரசரைப் பிடித்து இன்னும் ஒரு அங்குலம் இறக்கி, விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. மூன்றாவது மிதியில் பிடித்தது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, போருக்குள் தடவிய ஆயில் எரிந்து தீரும்வரை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா சுவர் மேல் எட்டிப் பார்த்து, "என்னடா, உங்கப்பன் வண்டிச் சத்தமால்ல இருக்கு" என்றார்.

ஊருக்குள்ளேயே கண்மாய்க் கரை வரை போய்த் திரும்பினேன். 40-க்கு மேல் போகவில்லை. இரண்டு கேள்வி. பேரலுக்கு அடியில் துளித்துளியாக ஆயில் கசிகிறது. இடது பக்கம் செயின் கேஸுக்குள் "கலகல" என்று ஒரு சத்தம், கிளட்ச் பிடித்தாலும் போகவில்லை.

---

வார்ப்பிரும்பு, ஏப்ரல் 13

ரொம்ப சந்தோஷம் தம்பி. இரண்டு முறை படித்தேன்.

கசிவுக்குப் பயப்பட வேண்டாம். மூன்று முறை சூடாகி ஆறட்டும். ஒவ்வொரு முறையும் நன்றாக ஆறிய பிறகு பேரல் நட்டுகளையும் ஹெட் நட்டுகளையும் குறுக்கு நெடுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். புது பேக்கிங் உட்காரும்போது இப்படித்தான். ஹெட்டை இறுக்கினால் டேப்பெட்டை மறுபடி பாருங்கள்.

சத்தம் முன் செயின் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போவது) தளர்ந்ததால் இருக்கலாம். கேஸில் உள்ள ஆயிலை ஒரு தட்டில் வடித்துவிட்டு மூடியைத் திறந்து, எஞ்சினை மெதுவாகச் சுற்றி எங்கே அதிக இறுக்கமோ அங்கே அழுத்திப் பாருங்கள். 6 மி.மீ. ஆட்டம் போதும். அதைவிட அதிகம் என்றால் அடியில் உள்ள அட்ஜஸ்டரை ஏற்றுங்கள். ஆட்டத்தை எந்த இடத்தில் அளந்தீர்கள் என்று படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலை மாற்றிவிட்டு, டைரியில் எழுதிவிடுங்கள்.